போகாதவர்களுக்குச் சுவரில் இடமில்லை

இப்போதெல்லாம் எவனும் தன் நாக்கை நம்புவதில்லை. தட்டில் வைத்த பெரோகிக் கொழுக்கட்டையை வாயில் போட்டு மென்று, நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆளுக்கும் துணிச்சல் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவிலிருந்து ஒருவன் வர வேண்டும். அவன் ஒரு கடி கடித்துத் தலையை ஆட்ட வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களைப் பார்க்க வேண்டுமே, மைனஸ் முப்பது குளிரிலும் வரிசையில் நிற்பார்கள். எங்கள் தெருப் பல் டாக்டர் வருஷக்கணக்காக ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். வாசல் பலகையில் ‘மினியாபொலிஸில் பயிற்சி பெற்றவர்’ என்று எழுதினான். மறுநாளே உட்கார நாற்காலி இல்லை. பல்லும் அதே பல்தான், பிடுங்குகிற குறடும் அதே குறடுதான்.

இந்தப் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் அண்ணி டோரீன் விஷயத்தில் பார்த்தேன்.

கனடாவில், எங்கள் வின்னிபெக் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒரு காலத்தில் ‘சனிக்கிழமைக் குளம்’ என்று பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வந்தது. அண்ணி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அட்டையில் செய்த குளக்கரையில் உட்கார்ந்திருப்பாள். குளத்திலிருந்து ஹூபர்ட் என்கிற கஸ்தூரி எலி தலையை நீட்டும். யாரோ தூக்கிப்போட்ட கம்பளிக் கோட்டைக் கிழித்துத் தைத்த பொம்மை. அதன் கை, வாய், குரல் எல்லாமே என் அண்ணன் மெட்ரோ. அட்டைக் குளத்துக்கு அடியில் முதுகை வளைத்து உட்கார்ந்தே அவனுக்கு இளமை போயிற்று. ஹூபர்ட்டுக்கு உலகத்தில் எதுவும் பிடிக்காது. பள்ளிக்கூடம் பிடிக்காது, குளியல் பிடிக்காது, வசந்தகாலம்கூடப் பிடிக்காது. “இன்னிக்கு நான் வெளிய வரமாட்டேன், காத்து சரியில்ல” என்று முனகிக்கொண்டேதான் வெளியே வரும். எங்கள் மாகாணத்துப் பிள்ளைகள் பெற்றவர்களை எதிர்த்துப் பேசக் கற்றது அந்தக் குரலில்தான்.

வீட்டில் அண்ணன் பேசாத ஆள். சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவான். நுரையீரல் கெட்டுச் செத்தான். அவன் குரல் இந்தப் பூமியில் மிச்சம் இருந்தது ஒரே இடத்தில்தான். தொலைக்காட்சி நிலையத்தின் நிலவறையில், அந்தப் பழைய நாடாக்களில்.

போன வருஷம் நிலையத்தை விற்றார்கள். நாடாக்களை எங்களிடம் கொடுங்கள் என்று அண்ணி கேட்டாள். நிறுவனத்தின் சொத்தைத் தனியாருக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். குப்பைமேட்டுக்குக் கொடுக்கலாமாம், அதற்குச் சட்டத்தில் தடையில்லையாம். இன்னொரு வழியும் இருந்தது. கலைஞர்களுக்குப் பட்டம் கொடுக்கிற தேசியத் திரைச்சுடர் மன்றம் கேட்டால் கொடுப்பார்கள். மன்றத்தில் பெட்டகம் இருக்கிறது, பழைய நாடாவை ஓட்டுகிற இயந்திரம் இருக்கிறது. ஆனால் மன்றம் சுடர்களின் நாடாவை மட்டும்தான் வாங்கும். சுடர் என்றால் மன்றம் ஒருவரைச் சுடர் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“ஓரெஸ்ட், எனக்குப் பட்டமெல்லாம் வேணாம்” என்றாள் அண்ணி. “அவரு கொரலு குப்பைக்குப் போகாம இருந்தா போதும். வண்டிய எடு.”

எடுத்தேன்.

மன்றம் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. சுவர் முழுக்கச் சுடர்களின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர் வாழ்க்கை வரலாறு. நான் மெதுவாகப் படிக்கிறவன், அதனால் முழுக்கப் படித்தேன். ஒருவர் மூஸ் ஜா என்கிற புல்வெளி ஊரில் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கு ரயில் மாறும்போது வலி வந்துவிட்டது. பிறந்ததும் அடுத்த ரயிலில் கிளம்பிவிட்டார்கள். அவர் கலையில் புல்வெளியின் தனிமை தெரிகிறதாம். இன்னொருவர் அமெரிக்க அதிபராகவே நடித்து நடித்துப் பேர் வாங்கியவர். இன்னொரு அம்மாள் ஒரு பேட்டியில் தனக்குக் குளிர் பழக்கம்தான் என்று சொன்னவர். அவர் ஆஸ்திரேலியாக்காரர் என்று பிறகு தெரிந்ததாம். படத்தைக் கழற்றினால் ஆணி அடித்த இடம் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

படத்துக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் சுடரின் குரல் வரும். நான் வரிசையாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாக் குரலும் சொன்னது ஒன்றுதான்: விழாவுக்கு வர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன்.

மன்றத்தின் தலைவர் டன்கன் ஃபென்விக் டொரான்டோவிலிருந்து வந்தவர். வாயைத் திறந்தாலே மன்னிப்புக் கேட்கிற மனுஷன். கதவு திறக்கும்போது ஒரு மன்னிப்பு, நாற்காலியை இழுக்கும்போது ஒரு மன்னிப்பு. இந்த மாதிரி ஆளிடம் எதையும் வாங்க முடியாது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“மன்னிக்கணும்மா, நீங்க எந்த வருஷம் போனீங்க?” என்று அண்ணியிடம் கேட்டார்.

“எங்க?”

“வெளிய. லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்... எங்கயாவது.”

“நான் எங்கயும் போகலயே. இங்கதான் இருக்கேன்.”

ஃபென்விக்கின் முகம், நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லப்போகிற டாக்டர் முகம் மாதிரி ஆயிற்று. “அதாம்மா சிக்கல்.”

“இங்க எடுத்த அமெரிக்கப் படம் எல்லாத்துலயும் நடிச்சிருக்கேன்” என்றாள் அண்ணி. “கான்சாஸ் நீதிபதி, அயோவா நர்சு, ஷெரிஃப் பொண்டாட்டி. ஆத்துல மெதக்குற பொணமா கூட நடிச்சேன். அதுவும் அமெரிக்கப் பொணம்தான்.”

அது உண்மை. அந்தப் படங்களுக்கு நான் நகராட்சியின் பனி அள்ளும் வண்டியைக் கொண்டுபோய்த் தெருவைச் சுரண்டிக் கொடுப்பேன். பனியை எடுத்துவிட்டால் எங்கள் தெரு டெக்சாஸ் ஆகிவிடும். மறுநாள் பனி விழுந்தால் திரும்ப எங்கள் தெருவாகிவிடும்.

“மன்னிக்கணும். அது தொழில் சேவையில வரும்மா. மரம் வெட்டிக் குடுக்குற மாதிரி. அமெரிக்கர் இங்க வந்து நம்மள பார்த்தா கணக்கில்ல. நாம அங்க போய் அவங்க கண்ணுல படணும்.”

“ஏன்யா அப்படி?” என்று நான் கேட்டேன்.

ஃபென்விக் எழுந்து நின்றார். இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தார் போல. “ஐயா, இது ரொம்ப பணிவான தேசம். நம்ம கலைஞர் நல்ல கலைஞர்னு நாமளே சொல்லிக்கிட்டா அது தற்பெருமை. அதனால அந்தப் பொறுப்ப பக்கத்து நாட்டுக்குக் குடுத்திருக்கோம். அவங்க சொன்ன உடனே நாங்க ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கறதில்ல. இங்கயே இருந்துட்ட ஒருத்தர கொண்டாடினா, போனவங்கள்லாம் எதுக்குப் போனாங்கன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வராம பாத்துக்கத்தான் இந்த மன்றமே இருக்கு.”

அவர் சொன்னது அவருக்கே பிடித்திருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். குடித்ததற்கும் மன்னிப்புக் கேட்டார்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அண்ணி, “அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தன் சொல்லணும், அவ்வளவுதானே?” என்றாள். “பெம்பினாவுக்கு விடு.”

பெம்பினா எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கு டகோட்டாவில் இருக்கிற சின்ன ஊர். எங்கள் ஆட்கள் அங்கே போவது பார்சல் வாங்கவும் பெட்ரோல் போடவும்தான். புகழ் வாங்க அங்கே போனது, எனக்குத் தெரிந்து, என் அண்ணி ஒருத்திதான்.

எல்லையில் சீருடை போட்ட தடியான ஆள் ஒருவன் ஜன்னலுக்குள் குனிந்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் ஆர்லன் நெஸ் என்று பெயர்.

“எதுக்கு வர்றீங்க?”

“பேர் வாங்க” என்றேன் நான்.

“என்ன?”

“எங்கண்ணிய சும்மா ஒரு அமெரிக்கன் நல்லா நடிக்கிறாங்கன்னு சொல்லணும். சொல்லிட்டா திரும்பிப் போயிடுவோம்.”

வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவன் திரும்பி வந்து அண்ணியின் பக்கம் குனிந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தான்.

“அம்மா, நீங்க குளத்துக்காரம்மா தானே?”

அண்ணி தலையை ஆட்டினாள்.

“எங்க வீட்டுக் கூரைல ஆன்டெனா இருந்துச்சு. அத வடக்குப் பக்கம் திருப்பினா உங்க ஸ்டேஷன்தான் வரும். வேற எதுவும் வராது. நான் சனிக்கிழமை மாட்டுக் கொட்டாயிக்கே போகமாட்டேன், எங்கப்பா பெல்ட்ட எடுப்பாரு.” அதற்குப் பிறகு அந்தத் தடியன், துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூக்கால் முனகினான். “இன்னிக்கு நான் வெளிய வரமாட்டேன், காத்து சரியில்ல!”

அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் குரல் இல்லை அது. ஆனால் அண்ணன் குரல் போய் உட்கார்ந்திருந்த இடம்.

ஆர்லன் தன்னோடு வேலை பார்க்கிறவர்களைக் கூப்பிட்டான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. எல்லாரும் அண்ணியோடு நின்று கைபேசியில் படம் பிடித்தார்கள். ஆர்லன் என் கைபேசியைப் பார்த்து, “இந்தம்மா என் சின்ன வயசுல ரொம்ப முக்கியம்” என்று சொன்னான். அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அந்த ஆள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

மறுநாள் அந்தக் காட்சியை ஃபென்விக்கிடம் காட்டினோம். அவர் மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டார்.

“அமெரிக்க அரசாங்க அதிகாரி!” என்றார். “சீருடையில!” என்றார். அன்றைக்கே குழுவைக் கூட்டி, அண்ணியைச் சுடராக அறிவித்தார்கள். நாடாக்கள் லாரியில் ஏறிப் பெட்டகத்துக்குப் போயின. அண்ணி அந்த லாரி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தாள். அந்த ஒரு நாள் நன்றாக இருந்தாள் என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

மன்றத்தின் ஆட்கள் அவள் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்கள். படித்துக் காட்டியபோது எனக்கு யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. ‘வடக்கு டகோட்டாவில் கண்டெடுக்கப்பட்ட கலைஞர்’ என்று தொடங்கியது. அண்ணியின் வாழ்க்கை ‘தொடக்கம், வெளியேற்றம், வெற்றி, திரும்புதல்’ என்று இருக்க வேண்டுமாம், எல்லாச் சுடருக்கும் அப்படித்தான் இருக்கிறதாம். பெம்பினாவில் நாங்கள் நின்ற நேரத்தை ‘அமெரிக்க ஆண்டுகள்’ என்று போட்டிருந்தார்கள்.

“எம் புருஷன் பேரு எங்கயும் இல்லயே” என்றாள் அண்ணி. “ஹூபர்ட் அவருதான். அவரையும் சேருங்க.”

ஃபென்விக் பேனாவை எடுத்தார். “மன்னிக்கணும், அவர் இப்ப எங்க இருக்கார்?”

“செத்துட்டாரு.”

“ஓ.” பக்கத்தில் இருந்த குழு உறுப்பினரிடம் திரும்பினார். “அப்ப நாட்டை விட்டுப் போயிட்டார்னு எடுத்துக்கலாமா?”

உறுப்பினர் யோசித்தார். “போனது போனதுதான். ஆனா போன எடத்துல பேர் வாங்கினதுக்கு ஆதாரம் வேணுமே.”

“நீங்களே போய் விசாரிச்சுட்டு வாங்களேன்” என்றேன். அதை அவர்கள் காதில் வாங்கவில்லை.

விழா நாளன்று அண்ணி வெளியிலிருந்து வந்து சேர வேண்டும் என்று சொன்னார்கள். திரும்பிவருவதுதானாம் விழாவின் உயிர். ஆகவே அவள் வீட்டிலிருந்து நான் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். காலிப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, பயணிகள் வெளியே வருகிற கதவுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். கதவு திறந்தது. ஃபென்விக் பூங்கொத்தோடு முன்னால் வந்தார், பின்னால் கேமராக்காரன்.

“வருக, உங்க வீட்டுக்கு!”

“இப்பதான் வீட்டுல அடுப்ப அணைச்சுட்டு வர்றேன்” என்றாள் அண்ணி. அதைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள் என்று கேள்வி.

மண்டபத்தில் கூட்டம். கூட்டம் குறையக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். ஆர்லன் நெஸ்ஸுக்கு மேடையிலேயே இடம், பக்கத்தில் அமெரிக்கக் கொடி. ஒரு மணி நேரம் காரோட்டி வந்தவனை ‘கடல் கடந்த விருந்தினர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். நடுவில் ஒரு கடலும் கிடையாது, வயல்தான்.

விளக்குகளை அணைத்து, பெட்டகத்தில் சுத்தம் செய்த முதல் நாடாவைப் போட்டார்கள்.

அண்ணி திரையில் வந்தாள். முப்பது வயது, ரப்பர் பூட்ஸ். குளம் அசைந்தது. ஹூபர்ட் தலையை நீட்டியது. வாயைத் திறந்தது.

ஒன்றும் வரவில்லை.

வாய் ஆடியது, தலை ஆடியது, கை ஆடியது. சத்தம் மட்டும் இல்லை. திரையில் அண்ணி சிரித்துக்கொண்டே, “அப்படியெல்லாம் சொல்லக்கூடாது ஹூபர்ட்” என்றாள். மறுபடி அது வாயைத் திறந்தது. மறுபடி ஒன்றும் இல்லை. “பொய் சொல்றே!” என்றாள் அண்ணி. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கந்தல் துணியோடு பேசிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து மண்டபம் கை தட்டியது.

எனக்குப் பக்கத்தில் என் அண்ணி திரையைப் பார்க்கவில்லை. தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து மேடை ஓரத்தில் இருந்த ஃபென்விக்கைப் பிடித்தேன். “கொரலு எங்க?”

“மன்னிக்கணும் ஐயா. சுடர் அல்லாதவங்க குரல வெக்கணும்னா அவங்க ஒப்புதல் வேணும். உங்க அண்ணனுக்கு ரெண்டு தடவ எழுதினோம். பதில் போடல.”

“அவன் செத்துட்டான்யா! ஒங்கிட்டயே சொன்னோமே!”

“அதயும் கருத்துல எடுத்துக்கிட்டோம். அதனாலதான் வழக்கத்தவிடக் கூடுதலா அவகாசம் குடுத்தோம்.”

“பழைய நாடா எங்க? அதுல இருக்குமே.”

“பிரதி எடுத்ததும் மூலத்த அழிச்சிடறதுதான் நடைமுறை. பெட்டகத்துல இடம் இல்ல. சுடர்களோட வருத்தச் செய்திகளே பாதி இடத்த எடுத்துக்குது.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அறையலாம் என்று கை வந்தது. அறைந்தால் அதற்கும் அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

மேடையில் ஆர்லன் எழுந்துவிட்டான். அவனுக்கும் பொறுக்கவில்லை. “ஏங்க, எலி ஏன் பேச மாட்டேங்குது?” என்று ஒலிபெருக்கியில் கேட்டான். திரையில் ஹூபர்ட் திரும்ப வாயைத் திறந்தது. ஆர்லன் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே, தன்னை மறந்து, தான் சின்ன வயதில் கேட்டதை அப்படியே மூக்கால் சொன்னான். “நான் குளிச்சா குளம் அழுக்காயிடும். குளத்துக்காகத்தான் நான் குளிக்கல.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஃபென்விக் ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர். “பெரியோர்களே! இன்னிக்கு ஒரு வரலாறு நடந்திருக்கு. நம்ம ஹூபர்ட்டுக்கு ஒரு குரல் கெடச்சிருக்கு. அதுவும் அமெரிக்கக் குரல்! நாடாக்கள் எல்லாத்துக்கும் திரு. நெஸ் குரல் குடுப்பாரு!”

“ஐயா, இது என் குரல் இல்ல” என்றான் ஆர்லன். முகமெல்லாம் சிவந்திருந்தது. “இது அந்தம்மா புருஷனோடது. நான் நெனப்புல இருந்தத சொன்னேன்.”

“என்ன அடக்கம்! எவ்வளவு கனடியத்தனம்!” என்றார் ஃபென்விக். குழு உறுப்பினர்கள் அங்கேயே குசுகுசுத்தார்கள். ஆர்லனுக்குக் கௌரவச் சுடர் கொடுக்கலாமாம். அவனுக்கு வெளிநாட்டு அங்கீகாரம் தேவையில்லை, அவனே வெளிநாடு.

அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சம்மதம் கேட்பதற்கு. நான் அவள் கையைப் பிடித்தேன்.

“வேணாம்னு சொல்லு அண்ணி.”

“சொல்லிட்டு?”

“சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம்.”

“அந்த எலி சும்மா வாய வாயத் தொறக்குறத என்னால பாக்க முடியல ஓரெஸ்ட். அந்த ஆளாவது அவரக் கேட்டவரு.”

“கேட்டவன் வேற, பேசினவன் வேற.”

“எனக்குச் சொல்லித் தர்றியா? அவரு பக்கத்துல படுத்துக் கெடந்தவ நானு.” அவள் குரல் உயரவில்லை. “பிள்ளைங்க சிரிச்சாங்க, கேட்டியா? அவரு எழுதின வரிக்குத்தான் சிரிச்சாங்க. அது மிச்சம் இருக்குல்ல.”

“அது யாருன்னு அதுங்களுக்குத் தெரியாதே.”

“அடியில உக்காந்திருந்தப்ப மட்டும் தெரிஞ்சுதா? அவருக்கு அதப்பத்தி என்னிக்குக் கவல?”

“அவனுக்கு இல்ல. எனக்கு இருக்கு.”

அவள் என் கையை எடுத்துவிட்டு மேடை ஏறினாள். தலையைக் குனிந்தாள், பதக்கத்தை மாட்டினார்கள். ஆர்லன் அவளிடம் எதையோ சொல்லி அழுதான். அவள் அவன் தோளைத் தட்டினாள். எல்லாக் கேமராவும் அதைப் பிடித்தது.

நான் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் மன்றத்துப் பெண் ஒருத்தி கேக் தட்டோடு நின்றாள்.

“போறீங்களா தாத்தா? கேக் இருக்கே. எல்லாம் எவ்வளவு நல்லபடியா முடிஞ்சுது பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றேன்.

“சந்தோஷம்தானே?”

“இல்ல.”

அவள் பாவம், மன்னிக்கணும் என்றாள். நான் படிகளில் இறங்கினேன். உள்ளே திரும்பவும் கை தட்டினார்கள். எதற்கென்று கேட்க எனக்கு விருப்பமில்லை. அண்ணி செய்தது சரி என்று ஊர் முழுக்கச் சொல்கிறது, ஆர்லன் தங்கமான ஆள் என்கிறது. இருக்கலாம். நான் வண்டியை நிறுத்தியிருந்த தெருப்பக்கம் நடந்தேன். இன்றைக்கு வரை எனக்கு ஒப்பவில்லை.